மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே ஒரு பைப்: பிளிங்க் வழியாகத் தரவை ஓட விடும் முறை

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில், ரைட்டரின் மேசைக்குக் கீழே, கைக்கு அடக்கமான ஒரு சிறிய லினக்ஸ் கணினி இருக்கிறது. பறிப்புக் காலத்தில் ஒவ்வோர் ஆளும் கொண்டுவந்து கொட்டும் பழத்தின் எடை அதில், காற்புள்ளியால் பிரித்த வரிகளாக ஒரு சிஎஸ்வி கோப்பில் பதிவாகிறது. மழைமானியின் அன்றாட அளவும் அதிலேயே சேர்கிறது. கணக்குப் பார்க்கும் இடமோ சேலத்தில், ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில், நான் உட்கார்ந்திருக்கும் விண்டோஸ் கணினி. முன்பெல்லாம் கூலி போடும் நாளுக்கு முந்தைய மாலை, ஜீப்பில் இறங்கும் யாராவது ஒருவர் சட்டைப் பையில் பென்டிரைவைப் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வருவார். சில வாரங்களில் பென்டிரைவ் வரும், கோப்பு வராது. சில வாரங்களில் சட்டை துவைக்கப் போயிருக்கும்.

இப்போது அந்த வேலையை ஒற்றை வரிக் கட்டளை செய்கிறது. அந்த வரியை எழுதுவது எளிது. அது சரியாகத்தான் வேலை செய்ததா என்று உறுதிசெய்வதுதான் கடினம். ஆகவே இந்தக் கட்டுரையில் கட்டளையைவிட, அது பிசகும் இடங்களுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எழுத்து முறை பற்றி ஒரு சொல். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ள வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கோப்புப் பெயர்களும் இங்கே படிக்க வசதியாகத் தமிழில் உள்ளன. உண்மையான கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட, இடைவெளி இல்லாத பெயர்களையே வைப்பது நல்லது, ஏனெனில் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும் கட்டளை வரியில் தமிழ்ப் பெயர்கள் எப்போதும் சேதமின்றிப் போய்ச் சேர்வதில்லை.

பிளிங்க் என்பது எது

தொலைவில் உள்ள கணினியில் நுழைந்து வேலை செய்யப் பயன்படும் புட்டி என்ற மென்பொருளை விண்டோஸில் பலரும் அறிவார்கள். சைமன் டேத்தம் தொடங்கி எழுதிவரும் இலவச மென்பொருள் அது. அதே தொகுப்பில், சாளரம் எதையும் திறக்காமல் கட்டளை வரியிலேயே இயங்கும் ஒரு தம்பி இருக்கிறான். அவன் பெயர்தான் பிளிங்க். புட்டி மனிதன் உட்கார்ந்து பேசுவதற்கானது, பிளிங்க் ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசுவதற்கானது. லினக்ஸிலும், அண்மைக்கால விண்டோஸிலும் உள்ள ஓப்பன்எஸ்எஸ்எச் தொகுப்பின் எஸ்எஸ்எச் கட்டளையும் இதே வேலையைச் செய்யும். புட்டியில் ஏற்கெனவே இணைப்புகளைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குப் பிளிங்க் வசதியானது; புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதை எடுத்தாலும் பிழையில்லை. என்னிடம் மலைமேல் எஸ்எஸ்எச், கீழே பிளிங்க்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது, கணினிகள் மறையாக்கம் செய்து பேசிக்கொள்ளும் எஸ்எஸ்எச் நெறிமுறை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு யுலோனன், பல்கலைக்கழக வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, 1995ஆம் ஆண்டில் இதை எழுதினார். போர்ட் என்பது ஒரு சேவைக்கு ஒதுக்கிய எண். 21ஆம் போர்ட்டில் இருந்த, கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கும் 23ஆம் போர்ட்டில் இருந்த, தொலைவில் நுழையும் டெல்நெட்டுக்கும் நடுவே காலியாக இருந்த 22ஆம் எண்ணை அவர் கேட்டு வாங்கினார். மறையாக்கம் செய்த டெர்மினல் என்று மட்டுமே பலர் இதை நினைக்கிறார்கள். ஆனால் நம் வேலைக்கு முக்கியமானது இதன் இன்னொரு குணம். தொலைவில் ஓடும் ஒரு நிரலின் உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு ஆகிய மூன்றையும், அந்த நிரல் நம் மேசையிலேயே ஓடுவதுபோல, தனித்தனியாக நம் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீட்டில் பொருத்தும் பைப் என்ற ஏற்பாடு அதைவிடப் பழையது. தோட்டத்தில் நீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களையும் சேர்க்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதி வைத்தார். கென் தாம்ப்சன் 1973இல் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். எஸ்எஸ்எச் அந்தக் குழாயை மலைவரை நீட்டுகிறது, அவ்வளவுதான்.

முதல் இணைப்பு

முதலில் புட்டியைத் திறந்து, மலைக் கணினியின் முகவரி, போர்ட், பயனர் பெயர் ஆகியவற்றை இட்டு, "தோட்டம்" என்ற பெயரில் இணைப்பைச் சேமித்துக்கொள்ளவும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பு வைத்துக்கொள்வது அவசியம். புட்டிஜென் நிரலில் எட்25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப் பகுதியை மலைக் கணினியில் அந்தப் பயனரின் ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் சேர்த்து, தனிப் பகுதியின் இருப்பிடத்தைப் புட்டி இணைப்பின் அமைப்பில் குறிப்பிட்டால் போதும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதும் வசதியும் பிளிங்கில் உண்டு. ஆனால் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அது தெரிந்துவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

பிறகு ஒருமுறை புட்டி வழியாகவே உள்ளே போய்வர வேண்டும். முதல் முறை, எதிர்முனையின் சாவிக் கைரேகையைக் காட்டி, இதை நம்பலாமா என்று அது கேட்கும். பார்க்காமல் சரி என்று அழுத்துவதே நம் எல்லாருக்கும் வழக்கம். மலையில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் திரையில் தெரியும் கைரேகையோடு ஒப்பிட்ட பிறகு அழுத்துவதே முறை. அழுத்தியதும் அந்தச் சாவி விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், அந்தப் பயனரின் பகுதியில் மட்டும் பதிவாகும். இந்தச் சிறு விவரம் பின்னால் தேவைப்படும்.

இனி விண்டோஸின் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து இப்படி எழுதவும்:

பிளிங்க் -பேட்ச் -லோட் தோட்டம் "ஹோஸ்ட்நேம்"

மலைக் கணினியின் பெயர் ஒற்றை வரியில் வந்து நின்றால் குழாய் பொருந்திவிட்டது. பேட்ச் என்ற குறிப்பு, எந்தக் கேள்வியும் கேட்காதே, கேட்க நேர்ந்தால் இணைப்பைக் கைவிட்டுவிடு என்று பிளிங்குக்குச் சொல்கிறது. இரவு இரண்டு மணிக்கு யாரும் இல்லாத அறையில் ஓடும் நிரல் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால் காலையில்தான் தெரியும். ஆகவே கைவிடுவதே மேல்.

தோட்டத்து இணைய இணைப்பு மொபைல் சிம் வழியாக என்றால், வெளியிலிருந்து அந்தக் கணினிக்கு நேராகப் போக முடியாது. அந்த இணைப்புகளில் பெரும்பாலும் தனி முகவரி கிடைப்பதில்லை. அப்போது மலைக் கணினி தானாகவே வெளியே வந்து, நிலையான முகவரியுள்ள ஒரு சர்வரோடு எஸ்எஸ்எச்சின் பெரிய ஆர் குறிப்பைக் கொண்டு, அதே இணைப்பின் வழியே நாம் உள்ளே போகும்படி, தலைகீழ்ச் சுரங்கம் அமைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஏற்பாடும் அதுதான்.

மேற்கோள் குறிக்குள் மலை, வெளியே சேலம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளலாம். கட்டளையில் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருப்பதெல்லாம் மலையில் நடக்கும். வெளியே இருப்பதெல்லாம் சேலத்தில் நடக்கும். கீழே உள்ள இரண்டு வரிகளையும் நிதானமாகப் பார்க்கவும்.

பிளிங்க் -பேட்ச் -லோட் தோட்டம் "கேட் எடை.சிஎஸ்வி" > எடை.சிஎஸ்வி

பிளிங்க் -பேட்ச் -லோட் தோட்டம் "கேட் எடை.சிஎஸ்வி > எடை2.சிஎஸ்வி"

முதல் வரியில் கேட் கட்டளை படித்துக் கொட்டும் மலைக் கோப்பின் உள்ளடக்கம் சேலத்துக்கு வந்து இங்கே கோப்பாகிறது. இரண்டாவது வரியில் மலையிலேயே ஒரு நகல் உருவாகிறது; சேலத்துக்கு ஒரு பைட்கூட வருவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. ஒரு மேற்கோள் குறி இடம் மாறியதால், இல்லாத கோப்பை அரை மணி நேரம் தேடிய நாள் எனக்கு உண்டு.

இதே விதியைத் தெரிந்து பயன்படுத்தினால் நேரமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம். முழுப் பருவத்துக் கோப்பையும் இறக்கி இங்கே வடிகட்டுவதற்குப் பதிலாக, வடிகட்டுவதை மலைக்கே தள்ளிவிடலாம்:

பிளிங்க் -பேட்ச் -லோட் தோட்டம் "கிரெப் 2024-12 எடை.சிஎஸ்வி | ஜிசிப்" > டிசம்பர்.ஜிஇசட்

இங்கே பைப் குறி மேற்கோளுக்குள் இருப்பதால், டிசம்பர் வரிகளைக் கிரெப் பிரிப்பதும் ஜிசிப் சுருக்குவதும் மலையிலேயே முடிந்து, சுருங்கிய சாறு மட்டும் கீழே இறங்குகிறது. நொடிக்கு 2 மெகாபிட் கிடைக்கும் இணைப்பில் 300 மெகாபைட் கோப்பை அப்படியே இறக்க 20 நிமிடம் ஆகும். எண்களும் காற்புள்ளிகளும் நிறைந்த சிஎஸ்வி கோப்புகள் பல மடங்கு சுருங்கக் கூடியவை. ஆனால் ஜேபெக் படங்களைச் சுருக்க முயல்வது வீண். அவை ஏற்கெனவே சுருங்கியவை.

மலைக் கணினி சிறியது, அதில் இடம் இல்லை என்ற கவலையும் இதில் எழாது. பைப்பில் தரவு எங்கும் முழுதாகத் தங்குவதில்லை. லினக்ஸில் ஒரு பைப் தன்னிடம் வழக்கமாக 64 கிலோபைட் மட்டுமே வைத்துக்கொள்ளும். அது நிரம்பினால் முன்னால் உள்ள நிரல் தானாக நின்றுவிடும், காலியானால் தானாகத் தொடரும். தோட்டத்தில் பழத்தோல் உரிக்கும் பல்ப்பரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மேலே உள்ள தொட்டி நிரம்பியிருந்தால் கூடையைச் சாய்க்காமல் ஆள் காத்திருப்பார், இயந்திரம் இழுத்துக்கொள்ள இழுத்துக்கொள்ளக் கொட்டுவார். மூடுபனியில் சிக்னல் மந்தமானால் கிரெப்பும் ஜிசிப்பும் அப்படித்தான் காத்திருக்கும். நாம் எதையும் செய்ய வேண்டியதில்லை.

கமாண்ட் பிராம்ட்டில் ஒற்றை மேற்கோளுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதைக் கவனிக்கவும். லினக்ஸ் பழக்கத்தில் ஒற்றை மேற்கோள் போட்டால், உள்ளே இருக்கும் பைப் குறியைச் சேலத்துக் கணினியே பிடுங்கிக்கொண்டு, ஜிசிப் என்ற கட்டளையே இல்லையே என்று முறையிடும். உள்ளுக்குள் மேலும் மேற்கோள்கள் தேவைப்படும் அளவுக்குக் கட்டளை நீண்டுவிட்டால் போராட வேண்டாம். கட்டளைகளை ஒரு உரைக் கோப்பில் எழுதி, பிளிங்கின் எம் குறிப்பில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதைப் படித்து மலையில் ஓட்டிவிடும்.

பைட் மாறாமல் வர வேண்டும்

டிசம்பர்.ஜிஇசட் கோப்பு வந்துவிட்டது, ஆனால் திறக்க மறுக்கிறது என்றால், பெரும்பாலும் கட்டளையை விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஓட்டியிருப்பீர்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, வெளி நிரல் ஒன்றின் வெளியீட்டை உரை என்றே எண்ணி, வரி வரியாகப் பிரித்து, எழுத்துகளாக மாற்றி, பிறகு யுடிஎஃப்-16 வடிவில் கோப்பில் எழுதுகிறது. சுருக்கிய கோப்பு இந்த மொழிபெயர்ப்பில் பிழைக்காது. பவர்ஷெல் 7.4 முதல் இந்த நடத்தை மாறி, பைட்கள் அப்படியே கடத்தப்படுகின்றன. எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ள முடியாததால், நான் பழைய கமாண்ட் பிராம்ட்டையே பயன்படுத்துகிறேன். அது பைட்களைத் தொடுவதில்லை.

தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வியில் இந்தக் கேடு இன்னும் தெளிவாகத் தெரியும். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "வள்ளி" என்பதில் வ, ள, புள்ளி, ள, இகரக் கொக்கி என 5 குறியீடுகள், ஆக 15 பைட். அந்த 15 பைட்டையும் பவர்ஷெல் 5.1 தன் பழைய எழுத்துத் தொகுதியில் 15 தனி எழுத்துகளாகப் படித்துவிடும். கூலிப் பட்டியலில் ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டமும் கோடும் கிரேக்க எழுத்தும் நிற்கும். இதற்கு நேர்மாறாக, கமாண்ட் பிராம்ட் திரையில் தமிழ் கட்டங்களாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். அது திரையின் குறை, கோப்பில் பைட்கள் சரியாகவே இருக்கும். கோப்பின் அளவை இரு பக்கமும் ஒப்பிட்டாலே ஐயம் தீரும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், மேலே எஸ்எச்ஏ256சம் கட்டளையும், கீழே விண்டோஸின் செர்ட்யூடில் கட்டளையில் ஹேஷ்ஃபைல் குறிப்பும் (கோப்புப் பெயருக்குப் பின் எஸ்எச்ஏ256 என்றும் சேர்த்து) ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்க்கலாம். 

மலைப் பக்கத்திலும் இரண்டு இடங்களில் பைட் கெடும். முதலாவது, சிறிய டி குறிப்பு. தொலைவில் ஒரு டெர்மினல் இருப்பதுபோலப் பாவனை செய்யும்படி அது கேட்கிறது. டெர்மினல் என்றால் ஒவ்வொரு வரி முடிவிலும் கூடுதலாக ஒரு பைட் சேர்க்கும் வழக்கம் உண்டு, பிழை வெளியீடும் தரவோடு கலந்துவிடும். கட்டளையோடு அழைக்கும்போது இந்தப் பாவனை வழக்கமாகவே இருக்காது; எங்கோ படித்ததைப் பார்த்து அந்தக் குறிப்பைச் சேர்க்காமல் இருந்தால் போதும். அதை வலிந்து தடுக்க வேண்டுமென்றால் பெரிய டி குறிப்பு இருக்கிறது. இரண்டாவது, வரவேற்புரை. மலைக் கணினியில் யாரோ ஒருவர் ஆசையாக, உள்ளே நுழைபவருக்கு வணக்கம் சொல்லும் வரி ஒன்றை, லினக்ஸின் கட்டளை ஓட்டியான பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதி வைத்திருந்தார். அந்த வணக்கம் எங்கள் ஒவ்வொரு சிஎஸ்வியின் முதல் வரியாகவும் வந்து சேர்ந்தது. கணக்கு நிரல் அதைத் தலைப்பு வரி என்று எடுத்துக்கொண்டு, உண்மையான தலைப்பை ஓர் ஆளாகக் கணக்கிட்டுக் கூலி போடப் பார்த்தது. வெளியீடு என்பது தரவு மட்டுமே போகும் வழி. பேச விரும்பும் நிரல்கள் பிழை வெளியீட்டில்தான் பேச வேண்டும்.

மலையிலிருந்து தள்ளும்போது

இதுவரை பார்த்தது சேலத்திலிருந்து இழுப்பது. இரவுக் காப்புப் படியை மட்டும் மலைக் கணினியே தள்ளிவிடும்படி வைத்திருந்தோம். தொடக்கத்தில் நான் எழுதிய வரி, இணையத்தில் எங்கும் காணக் கிடைக்கும் அதே வரிதான்:

டார் -சிஎஃப் - பதிவுகள் | ஜிசிப் | எஸ்எஸ்எச் சேலம் "கேட் > பதிவுகள்.டார்.ஜிஇசட்"

இந்த வரி மலையில் ஓடுவதால் இங்கே இடம் தலைகீழ்: மேற்கோளுக்குள் இருப்பது சேலம் சர்வரில் நடக்கும், வெளியே இருப்பது மலையில். டார் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கட்டளை; அதில் தனியாக நிற்கும் கோடு, கோப்புக்குப் பதிலாகக் குழாயில் கொட்டு என்று பொருள்படும். பல வாரங்கள் குறையின்றி ஓடியது. டிசம்பரில் ஓர் இரவு, அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மலையில் மின்சாரம் போயிற்று. காலையில் வந்து பார்த்தபோது சேலம் சர்வரில் கோப்பு அதே பெயரில், அன்றைய தேதியோடு, ஏறத்தாழ வழக்கமான அளவில் இருந்தது. நானும் திருப்தியாகத் தேநீர் குடிக்கப் போனேன். மின்சாரம் திரும்பியபோது மலைக் கணினியின் மெமரி கார்டு திரும்பவில்லை. அப்போதுதான் கோப்பைத் திறந்தேன்: முக்கால் பங்கு வந்து நின்றிருந்தது. முந்தைய இரவின் முழுப் படியும் இல்லை. அந்த வாரக் கூலியை ரைட்டரின் கைக்குறிப்பு நோட்டைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தோம்.

நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு காரணங்கள். ஒன்று, கோப்பில் எழுதும் குறி, முதல் பைட் வருவதற்கு முன்பே பழைய கோப்பைக் காலி செய்துவிடுகிறது. ஆகவே நல்ல படி தொடக்கத்திலேயே போய்விட்டது. மற்றொன்று, இணைப்பு அறுந்ததும் சேலத்தில் ஓடிய கேட் நிரலுக்குத் தெரிவது, உள்ளீடு முடிந்துவிட்டது என்பது மட்டுமே. அனுப்புகிறவர் முடித்துவிட்டாரா, மூச்சு நின்றுவிட்டாரா என்று அதனால் பிரித்தறிய முடியாது. அது வெற்றிக் குறியோடு நிம்மதியாக முடிந்துவிட்டது.

முதலில் எனக்குத் தோன்றிய மாற்று, வேறு பெயரில் வாங்கி, வெற்றி என்றால் பெயர் மாற்றுவது:

"கேட் > புதிது && எம்வி புதிது பதிவுகள்.டார்.ஜிஇசட்"

இது போதாது என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும். கேட் எப்போதும் வெற்றி என்றுதான் சொல்லும், பாதிக் கோப்புக்கும் பெயர் மாறிவிடும். நடுவில் ஜிசிப்பின் டெஸ்ட் குறிப்பைச் சேர்த்தால் பாதியில் நின்ற கோப்பு பிடிபடும், ஏனெனில் முழுமையான ஜிசிப் கோப்பின் கடைசியில் சரிபார்ப்பு எண் இருக்கும். ஆனால் மலையில் டார் மட்டும் நடுவில் செத்து, ஜிசிப் உயிரோடு இருந்தால்? ஜிசிப்பும் உள்ளீடு முடிந்தது என்று எண்ணி, ஒழுங்காகச் சரிபார்ப்பு எண்ணையும் எழுதி முடிக்கும். சோதனையில் தேறும் கோப்பு, உள்ளே குறையோடு.

ஆகவே, பெயர் மாற்றும் முடிவைப் பெறுகிறவரிடம் விடாமல், அனுப்புகிறவரிடம் வைக்க வேண்டும். எல்லாம் சரியாக முடிந்தது என்று அறியக்கூடியவர் அவர் ஒருவரே. இப்போது மலையில் ஓடும் பாஷ் நிரலின் மூன்று வரிகள் இவை:

செட் -ஓ பைப்ஃபெய்ல்

டார் -சிஎஃப் - பதிவுகள் | ஜிசிப் | எஸ்எஸ்எச் சேலம் "கேட் > புதிது" || எக்ஸிட் 1

எஸ்எஸ்எச் சேலம் "ஜிசிப் --டெஸ்ட் < புதிது && எம்வி புதிது பதிவுகள்.டார்.ஜிஇசட்"

முதல் வரி இல்லையென்றால், பாஷ் ஒரு பைப் வரிசையின் கடைசி நிரலின் முடிவை மட்டுமே பார்க்கும். இருந்தால், வரிசையில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி. இரண்டாவது வரி தோற்றால் நிரல் அங்கேயே நிற்கும். மின்சாரம் போனால் மூன்றாவது வரியைச் சொல்ல ஆளே இருக்காது. சேலத்தில் "புதிது" என்ற அரைகுறைக் கோப்பு கிடக்கும், நேற்றைய முழுப் படி தொடப்படாமல் இருக்கும். அடுத்த இரவு வரும் தரவு அந்த அரைகுறையின் மேலேயே எழுதிக்கொள்ளும்.

எதிர்முனை சொல்லாமல் செத்தால் இணைப்பு மணிக்கணக்கில் தொங்கிக்கொண்டு இருப்பதும் உண்டு. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் என்பதை 15 என்று வைத்தால், 15 நொடிக்கு ஒருமுறை எதிர்முனையைக் குரல் கொடுத்துப் பார்த்து, வழக்கமான அமைப்பில் மூன்று முறை பதில் இல்லையென்றால், அதாவது ஏறத்தாழ 45 நொடியில், இணைப்பை வெட்டிவிடும். புட்டியில் இதற்கு நிகராகக் கீப்அலைவ் நொடிகள் என்ற கட்டம் இருக்கிறது. தொடக்கத்தில் அதில் பூஜ்யம் இருக்கும், மாற்றிச் சேமிக்க வேண்டும்.

ஆளில்லாமல் ஓட்டும்போது

பிளிங்க் முடியும்போது, மலையில் ஓடிய கட்டளையின் முடிவு எண்ணையே தன் முடிவு எண்ணாகத் தரும். விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதும் பேட்ச் கோப்பில், அந்த எண் தங்கும் எரர்லெவல் என்பதைச் சோதித்து, பூஜ்யம் அல்லாத எதையும் தோல்வியாகக் கொள்ளலாம். எஸ்எஸ்எச் கட்டளையில் 255 வந்தால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில். வேறு எண் வந்தால் மலைக் கட்டளையில். இழுக்கும் கட்டளையிலும் மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும்: வெளியீட்டைத் தற்காலிகப் பெயரில் வாங்கி, எரர்லெவல் பூஜ்யம் என்றால் மட்டும் மூவ் கட்டளையால் பெயர் மாற்றவும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்தால் ஓடுவதில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. ஷெட்யூலர் வேறு பயனர் கணக்கில் ஓட்டுகிறது. சேமித்த இணைப்பும் எதிர்முனையின் சாவியும் உங்கள் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கின்றன. பேட்ச் குறிப்பு இருப்பதால் பிளிங்க் கேள்வி கேட்காமல் கைவிட்டுவிடும். உங்கள் கணக்கிலேயே ஓடும்படி ஷெட்யூலரை மாற்றலாம், அல்லது ஹோஸ்ட்கீ குறிப்பில் கைரேகையையும், மற்ற விவரங்களையும் கட்டளை வரியிலேயே கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுக்கும்போது போர்ட் எண்ணுக்குப் பிளிங்கில் பெரிய பி, எஸ்எஸ்எச்சில் சிறிய பி. இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்துகிறவர்கள் இதில் தடுக்கி விழாமல் இருப்பது அரிது.

லினக்ஸில் பல தோட்டங்களின் பெயர்களை ஒரு கோப்பில் வைத்து, வரி வரியாகப் படித்து ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் ஓட்டினால், முதல் தோட்டத்தோடு வேலை நின்றுவிடும். எஸ்எஸ்எச் தன் உள்ளீட்டை மலைக்கு அனுப்பக் கடமைப்பட்டது. ஆகவே மிச்சமிருந்த பெயர்கள் முழுவதையும் அதுவே விழுங்கி முதல் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறது. சிறிய என் குறிப்பைச் சேர்த்தால் வாயை மூடிக்கொள்ளும். கமாண்ட் பிராம்ட்டில் பிளிங்க் வரியின் கடைசியில் "< நல்" என்று சேர்ப்பது அதே பலனைத் தரும்.

இரவு வேலைக்கான சாவிக்கு முழுச் சுதந்திரம் தேவையில்லை. ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லையும், கமாண்ட் என்ற குறிப்பில் ஒரே ஒரு கட்டளையையும் எழுதி வைத்தால், சாவி யார் கைக்குப் போனாலும் அந்த ஒரு கட்டளையை மட்டுமே ஓட்ட முடியும். தோட்டத்து அலுவலகம் பூட்டாமல் கிடக்கும் இடம் என்பதால் எங்கள் மலைக் கணினியில் இருக்கும் சாவிகள் எல்லாமே இப்படித்தான்.

எல்லாம் அமைத்து முடித்ததும் ஒரு சோதனை பாக்கி. மலையில் இருப்பவரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டே இரவுக் கட்டளையை ஓட்டச் சொல்லி, பாதி ஓடும்போது மோடத்தின் கம்பியைப் பிடுங்கச் சொல்லவும். ஒரு நிமிடம் காத்திருந்து, சேலத்தில் நேற்றைய கோப்பு நேற்றைய தேதியோடும் அளவோடும் அப்படியே இருக்கிறதா, பக்கத்தில் "புதிது" அரைகுறையாகக் கிடக்கிறதா, மலைக் கணினி தோல்வி எண்ணைக் காட்டுகிறதா என்று மூன்றையும் பார்க்கவும். பிறகு கம்பியை மாட்டிவிட்டு இன்னொரு முறை ஓட்டச் சொல்லவும்.